இரண்டு தட்டு என்றால் இன்னொரு தடவை

ரொறன்ரோவில் சிலர் வீட்டுக்கு முன்னால் இன்னொரு வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சில்லு உண்டு. திரைச்சீலை போட்ட யன்னல் உண்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் உண்டு. வருடத்தில் இரண்டு கிழமை அதைக் காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு போய் ஏதாவது ஏரிக்கரையில் இருந்துவிட்டு வருவார்கள். மற்ற நாட்களில் அது தறப்பாள் போர்த்தபடி வாசலில் நிற்கும். வந்த புதிதில், கல்யாணம் செய்த மகனைத் தனிக்குடித்தனம் வைப்பதற்காக அதை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சிறிய வீடுதான், ஆனாலும் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறானே என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன்.

இப்போது அப்படியொன்று எனக்கும் இருக்கிறது. முழுவதும் அலுமினியம். இரண்டு முனையும் உருண்டு, பெரியதொரு பேக்கரிப் பாணைப் போல இருக்கும் பழைய ட்ரெயிலர். ஆனால் அது என் வீட்டு வாசலில் நிற்கவில்லை. நான் இருப்பது மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ். அங்கே ஒரு கார் நிறுத்தத்தான் இடம். ட்ரெயிலர் நிற்பது பக்கத்து நகரமான அஜக்சில், என்னோடு ஒன்பது வருடமாகப் பேசாதிருந்த ஒருவனின் வீட்டுப் பின்வளவில். இந்தக் கோடை தொடங்கியதில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே போய், அவனோடு சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்துவிட்டு வந்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் விசித்திரம் ஒன்றும் தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

அவன் பெயர் குலேந்திரன். என் மனைவி பத்மாவின் தம்பி. பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவன் நேரே எங்களிடம்தான் வந்தான். அப்போது நாங்கள் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். எங்களுக்கு அறை, அவனுக்கு சோபா. ஆறு வருடம் அப்படி இருந்தோம். கடைத்தொகுதி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் அவனுக்குக் கார் ஓடப் பழக்கியது நான். என் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். லொறிகளுக்கு அலுமினியப் பெட்டி கட்டும் இடம் அது. தகட்டைச் சட்டத்தோடு பொருத்துவது ரிவெட் என்ற தலை தடித்த சின்ன ஆணி. அதை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுச் சுத்தியலால் அடிக்க, மற்றவர் உள்ளே இருந்து ஆணியின் வாலில் இரும்புக்கட்டியை அமர்த்திப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, இரைச்சலில் குரலும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் இன்னொரு தடவை அடி. மூன்று தட்டு என்றால் ஆணி பிழைத்துப்போயிற்று, துளைத்து எடு. நான் வெளியே, மெலிந்தவன் என்பதால் குலேந்திரன் உள்ளே. இரண்டு வருடம் அப்படி வேலை செய்தோம். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதன் அவன்தான். அதை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு அவன் வேறு வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், அஜக்சில் ஒரு மூலைக் காணி வீடு வாங்கினான். ஒன்பது வருடத்துக்கு முன் என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஊரில் கல்யாணத்துக்குச் சொல்வது என்பது கல்யாணத்தை விடப் பெரிய வேலை. என் அப்பா பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மூன்று தரம் போனவர். முதல் தரம் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார், இரண்டாம் தரம் குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பந்தல் போடுவதை அந்த மனிதர் வேலிக்கு மேலால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வந்து சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. சட்டம் அது.

நான் அஜக்சுக்குச் சொல்லப் போன நாளில் பனி கொட்டியது. பத்மாவுக்கு வேலை, நான் தனியே. 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் ஊர்ந்து போனால் வீடு பூட்டியிருந்தது. இன்னும் பதினான்கு வீடு மிச்சம். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் தபால்பெட்டி இருந்தது. அழைப்பிதழை அதற்குள் போட்டுவிட்டுத் திரும்பினேன். குலேந்திரன் எங்கட பொடியன், அவனுக்கென்ன என்று நினைத்தேன். முன்பின் தெரியாத பதினான்கு பேரின் கதிரைகளில் அன்றைக்கு முறையாகப் போய் உட்கார்ந்து சொன்னேன். மணப்பெண்ணின் தாய்மாமனுக்குத் தபால்பெட்டி.

"பிட்சாக் கடை நோட்டீசோட சேர்த்து என்ர மருமகளின்ர கல்யாணக் கார்ட்டையும் எடுத்தனான்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

கல்யாணத்துக்கு வந்தான். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், அறுகரிசி போட்டு வாழ்த்தினான், படத்துக்கு நின்றான். ஆனால் கை நனைக்கவில்லை. பந்தி தொடங்க முதல் எழுந்து போய்விட்டான். மண்டபம் நிறைந்த சனம் அதைப் பார்த்தது. பிழை என்னுடையது என்று அதுவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றில் இருந்து கதைபேச்சு இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பத்மா நின்றாள். அவன் வீட்டுச் சேதி எனக்கும் என் சேதி அவனுக்கும் அவள் மூலமாகத்தான் போய்வந்தன.

ட்ரெயிலர் என்னிடம் வந்தது வோல்ட்டரால். தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளராக இருந்தவர். என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது, அவருடையது எனக்கு விளங்காது. அதனால் ஒரு மனக்கசப்பும் இல்லாமல் இருபது வருடம் போனது. முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் வளவில் பழுதாகிக் கிடந்த ட்ரெயிலரை என்னிடம் தந்தார். "அவளை எங்கே கொண்டுபோவாய்?" என்று கேட்டார். வெள்ளைக்காரர் வாகனத்தை அவள் என்பார்கள் என்பது அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. பத்மாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அஜக்சுக்கு, அங்கேதான் அவளுடைய தம்பி இருக்கிறான்" என்றேன். வோல்ட்டர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, குடும்பத்தோடு இருப்பது நல்லது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பத்மா சிரிக்கவில்லை. போனை எடுத்தாள். தம்பியோடு கதைத்துவிட்டு வந்து நின்றாள்.

"வளவு சும்மாதானே கிடக்காம். கொண்டுவந்து விடட்டாம்."

"நான் ஏன் அவன்ர வளவுக்குப் போறன்?"

"ஒன்பது வருசமா ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு சேதி காவுறன். எனக்கு அலுத்துப்போச்சு. பனி கொட்டுறதுக்கு முதல் ரெண்டு பேரும் வாய் திறந்து கதைக்கவேணும். இல்லாட்டி இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டும் உங்களுக்குத் தெரியாது."

பத்மா சொன்னால் செய்வாள். அவள் வாயை மூடினால் குலேந்திரன் எனக்கு முழுதாக இல்லாமல் போவான். அன்று எனக்குப் பயம் வந்தது உண்மை. ட்ரெயிலரை அஜக்சுக்கு இழுப்பித்தேன்.

முதல் சனிக்கிழமை பக்கத்துப் படலையால் வளவுக்குள் போனேன். முன்கதவுப் பக்கம் பார்க்கவில்லை. ஒழுகிப் புழுத்துப்போன உள்பலகைகளைக் கழற்றி எறிந்தேன், கிழிந்த தகடுகளை வெட்டி எடுத்தேன். அதெல்லாம் ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை. மூன்றாம் கிழமை புதுத் தகட்டைச் சட்டத்தில் வைத்து, துளைக்குள் ரிவெட்டைச் செருகி, காற்றுச் சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆள் இல்லாமல் அடித்துப் பயன் இல்லை. பின்வாசல் கதவு திறந்து மூடுவதும், ட்ரெயிலர் ஒரு பக்கமாகச் சரிவதும் தெரிந்தது. உள்ளே யாரோ ஏறியிருந்தார்கள். ஆணியின் வாலில் இரும்பு வந்து அமர்ந்தது. அடித்தேன். உள்ளே இருந்து இரண்டு தட்டு. இன்னொரு தடவை அடித்தேன். ஒரு தட்டு.

கோபம் முறியாமல் வேலை நடந்தது. இது எங்களுக்குப் புதிதில்லை. ஊரில் எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் பங்குக் கிணறு. வேலி கிணற்றுக்கட்டு வரை வந்து நின்று, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். இரண்டு வீட்டுக்கும் கோபம் வந்த காலத்தில் ஒரே கிணற்றில் இரண்டு வாளி மாறி மாறி இறங்கி ஏறின. ஒருவரும் ஒருவருடைய தண்ணீரையும் மறிக்கவில்லை. அஜக்சிலும் அப்படிச் சில ஒழுங்குகள் வந்தன. அவன் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. ஆனால் கடையில் வாங்கிய கோப்பி, கடதாசிக் கோப்பையில், ட்ரெயிலர் படியில் வைக்கப்பட்டால் அது கணக்கில் வராது. நான்கு தட்டு என்றால் கோப்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். தொழிற்சாலையில் இந்தத் தட்டு இருக்கவில்லை, வோல்ட்டருக்கே இது தெரியாது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி பல சனிக்கிழமைகளாக வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம், நீங்கள் இருவரும் எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். ஒன்பது வருடம் என்று உண்மையைச் சொன்னேன். அதுதான், வார்த்தையே இல்லாமல் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறீர்கள், என் புருஷனோடு எனக்கு இது ஒருநாளும் வாய்த்ததில்லை என்றார். உள்ளே இரும்புக்கட்டி நிலத்தில் விழும் சத்தம் கேட்டது.

புரட்டாதி முடிய வெளித்தகட்டை மினுக்கத் தொடங்கினோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தேய்க்கத் தேய்க்கத் தகடு கண்ணாடியாகியது. ஒருநாள் வளைவில் என் முகத்துக்குப் பக்கத்தில் அவன் முகம் தெரிந்தது. காதுக்கு மேலே முழுக்க நரைத்திருந்தது. சோபாவில் படுத்திருந்த பொடியன் எனக்குத் தெரியாமல் கிழவனாகியிருந்தான். தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் துணியை உதறுவதுபோல் நின்றேன்.

வேலை முடியப்போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை போனபோது, முடிந்த தகட்டில் பன்னிரண்டு ரிவெட்டுகளைச் சுற்றி வெண்கட்டியால் வட்டம் போட்டிருந்தது. வட்டம் என்றால் பழுது, துளைத்து எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. நான் அடித்தவை, ஒவ்வொன்றுக்கும் அவனே ஒரு தட்டுத் தட்டியவை. பன்னிரண்டையும் துளைத்து எடுத்தேன், இருவரும் திரும்ப அடித்தோம். அன்று போகும்போது வெண்கட்டியை எடுத்து அடுத்த தகட்டில் ஒன்பது வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த கிழமை அவன், நாங்கள் புதிதாக அடித்தவற்றுக்கே வட்டம் போட்டிருந்தான்.

"எப்ப முடியும்?" என்று பத்மா கேட்பாள்.

"பழைய சாமான். கிண்டக் கிண்டப் பிழை வருகுது" என்பேன்.

வானொலியில் பனி வரப்போகிறது என்று சொன்ன கிழமை அவளும் என்னோடு வந்தாள். நான் வெளியே, குலேந்திரன் உள்ளே. அவள் ட்ரெயிலரை ஒருதரம் சுற்றி வந்தாள்.

"உதென்ன வட்டம்?"

"பிழையான ஆணி."

அவள் ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு ஆணி தெரியாது. உங்கள் ரெண்டு பேரையும் தெரியும். அடுப்பிருந்தா அது வீடு. வாற ஞாயிறு இதுக்க பால் காய்ச்சிக் குடிபூரப் போறன். சொல்லவேண்டிய ஆக்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

உள்ளே இருந்து ஒரு தட்டு.

வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கியது, பத்மாவே ஞாயிறு என்று நாள் குறித்திருந்ததால் தவணையில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அழைப்பிதழ் ஒன்று என் கைப்பட எழுதி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, அடுத்த நாள் அஜக்சுக்குப் போனேன். பத்மா காரை விட்டு இறங்கவில்லை. இந்த முறை படலைப் பக்கம் போகாமல் முன்வாசல் படியேறினேன். சுவரில் தபால்பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. தபாலெல்லாம் தெருமுனைப் பெட்டிக்கு மாறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அது தெரியாது. என்னால்தான் கழற்றி எறிந்திருக்கிறான் என்று நினைத்தேன். தட்டோடு நின்று கதவைத் தட்டினேன்.

அவன்தான் திறந்தான். சாரம் கட்டியிருந்தான். தட்டைப் பார்த்தான், என் தலையில் கிடந்த பனியைப் பார்த்தான். நான் அழைப்பிதழை நீட்டினேன்.

"வாசலில வச்சு வாங்கிறேல்லை அத்தான்" என்றான். "உள்ள வந்து தாங்கோ."

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து முறையாகச் சொன்னேன். "அண்டைக்கும் இப்பிடித்தான் வந்திருக்க வேணும். பிழை என்னிலதான்" என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டு அழைப்பிதழை முதல் எழுத்தில் இருந்து வாசித்தான். நாள், நேரம், பிறகு இடம். இடம் என்பது அவன் வீட்டு விலாசம்தான், பின்வளவு என்று போட்டிருந்தேன்.

"அஜக்சிலயோ" என்றான். "ஞாயிறு காலமை ரோட்டெல்லாம் பனியாக் கிடக்கும். பாப்பம். வசதிப்பட்டா வாறன்."

தேத்தண்ணி வந்தது. கண்ணாடிக் கிளாசில். குடித்தேன்.

ஞாயிறு காலை பத்மா சின்ன அடுப்பில் பானையை வைத்தாள். நானும் உள்ளேதான் நின்றேன். பழைய பலகைகளைக் கழற்றிய பிறகு அதற்குள் நான் நின்றதில்லை. அது அவன் இடம். உள்பக்கத்தில் ரிவெட் வால்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே அளவில் நசிந்து, வட்டமாக, வடிவாக இருந்தது. வெளியே நின்று அடித்த எனக்கு இந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று தெரியாது.

யன்னலால் பார்த்தேன். குலேந்திரன் வேட்டி கட்டி, பனிச் சப்பாத்துப் போட்டு, தன் வீட்டுப் பின்வாசலால் இறங்கி, தன் வளவுக்குள்ளால் விருந்தாளியாக வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் அவன் மண்ணில் நின்ற என் வீட்டுக்குள், இன்னும் சில்லுக் கழற்றாத வீட்டுக்குள், வீட்டுக்காரனாக நின்றேன். அவன் படியில் ஏறிக் கதவைத் தட்டினான்.

இரும்புக்கட்டி யன்னலடியில் கிடந்தது. எடுத்து உள்ளே இருந்து இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் இன்னொரு தடவை தட்டினான்.

"பால் பொங்குது, திறவுங்கோ" என்றாள் பத்மா.

ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன்.