பியானோவுக்குப் பொட்டு வைத்த நாள்

எங்கள் வீட்டில் டிஜிட்டல் பியானோ இருக்கும் அறைக்குள் நுழைந்தால் நான் முதலில் குனிந்துதான் பார்க்கிறேன். ஸ்டாண்டின் நடுவில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கிறது. அதைத் திருகிப் பார்ப்பேன். அசையாது. அசையாது என்று எனக்கே தெரியும், காலையில்தான் பார்த்தேன். இருந்தாலும் பார்க்காமல் வர முடியவில்லை. ஆரம்பத்தில் என் கணவர் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிய பிறகு, அதைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவரும் ஒருமுறை திருகிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வானகரத்தில் ஒரு டீச்சரிடம் பியானோ கற்றுக்கொள்கிறாள். சின்ன கீபோர்டில் பழகினால் விரலுக்கு பலம் வராது, கட்டை கனமாக இருக்கும் டிஜிட்டல் பியானோ வாங்குங்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக வாங்கினோம். கடைக்காரர்கள் நீளமான பெட்டியை லிஃப்டில் சாய்த்துக்கூட ஏற்ற முடியாமல், படி வழியாகத் தூக்கி வந்து நடு ஹாலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டு தனிப் பெட்டியில் வந்தது. இரண்டு இரும்புக் கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காகப் பின்னியிருக்கும். நடுவில் உள்ள குமிழை இழுத்து, விரித்து, வேண்டிய உயரம் வந்ததும் விட்டால், உள்ளிருக்கும் 'பின்' என்ற இரும்பு முளை ஓட்டையில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

என் கணவர் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் அவருக்கு யார் சொல்வதும் காதில் விழாது. நான் பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை.

"இன்னாமே இது? நாலு போல்ட்டு. இதுக்கு ஒரு புக்கா? டெய்லி பிரஸ் மெஷினயே பிரிச்சி மாட்டிகினு கீறேன்."

"அந்த மெஷினுக்கும் புக்கு இருக்கும்ல?"

"கீது. மேனேஜர் ரூம்ல பூட்டி வச்சிக்கீறாங்கோ."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் எல்லாவற்றையும் உள் அறைக்கு நகர்த்தி ஸ்டாண்டை விரித்தார். அவள் உயரத்துக்கு அது அதிகமாக இருந்ததால் கொஞ்சம் தாழ்த்தினார். குமிழை இறுக்கினார். பியானோவை ஏற்றியதும் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிக் காட்டினார். அது அசையவில்லை. "யானையே ஏறி நிக்கலாம்" என்றார்.

என் பயமெல்லாம் கரண்டைப் பற்றித்தான். பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மின்சாரம் பற்றிச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, வீட்டில் ஒரு ஸ்விட்சைக் கூட ஈரக்கையோடு தொட விடமாட்டேன். அந்த அறையின் பின்சுவர் மழைக்காலத்தில் ஓதம் காக்கும். சுவிட்சு பலகை அந்தச் சுவரில்தான், அதுவும் தரைக்குப் பக்கத்தில். அடாப்டர் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இடி இடித்தால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவேன். ஹெட்ஃபோனில் சத்தம் கூடக் கூடாது என்று சண்டை போடுவேன். ஒரு தண்ணீர் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்ததற்காக மகள் அரைநாள் என்னிடம் திட்டு வாங்கினாள். ஸ்டாண்டு என்ற ஒன்று கீழே இருப்பதையே நான் நினைக்கவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு மணைப் பலகையில் சாமி படம் வைத்து, முன்னால் மகளின் பாடப் புத்தகங்கள், என் பள்ளிப் புத்தகங்கள், அவருடைய ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் அடுக்குவோம். இந்த வருடம் மகள் பியானோவையும் வைக்க வேண்டும் என்றாள். அதை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

"சாமிய அங்க எடுத்துனு போய்ட்டா ஆச்சு" என்றார் கணவர். முந்தின நாள் தொழிற்சாலையில் எல்லா மெஷினையும் நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த உற்சாகம் குறையவில்லை. மெஷின் இருக்கும் இடத்துக்குச் சாமி வருவதுதான் அங்கே வழக்கம்.

அப்படித்தான் எல்லாம் பியானோ மேல் ஏறியது. நோட்ஸ் வைக்கும் பலகையில் சரஸ்வதி படத்தைச் சாய்த்து வைத்தோம். மூடியை மூடி, அதன்மேல் துணி விரித்து, ஒரு பக்கம் புத்தகங்கள், மறுபக்கம் ஸ்பேனர் பெட்டி, பொரி, சுண்டல், பழத்தட்டு. அந்த விளக்கப் புத்தகத்தையும் மகள் மறக்காமல் கொண்டுவந்து, உறையோடு சந்தனம் தடவி அடுக்கின் உச்சியில் வைத்தாள். அதுவும் புத்தகம்தானே. கடைசியாக, தெருவில் உடைக்க வாங்கி வந்த திருஷ்டி பூசணிக்காய். தரையில் வைத்தால் கால் படும் என்று கணவர் அதையும் தூக்கி நடுவில் வைத்தார். உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் என் அறிவியல் புத்தகங்களை முட்டுக் கொடுத்தார்.

நான் கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தேன். பியானோவின் முன்பக்கத்தில் மூன்று இடத்தில் பொட்டு வைக்க வேண்டும். சந்தனம் கொஞ்சம் நீர்த்துவிட்டது. சொட்டியது. எனக்கு உடனே கரண்டு ஞாபகம்தான்.

"பாப்பா, கீழ போயி பிளக்க எடுத்துடு. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எடு."

நான்தான் சொன்னேன். அவள் உட்கார்ந்து வாசிக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கு வழியாகக் குப்புறப் படுத்து உள்ளே நகர்ந்தாள். நாங்கள் நிற்க இடம் வேண்டும் என்று பெஞ்சைப் பியானோவுக்கு அடியில் முழுக்கத் தள்ளி வைத்திருந்தோம். அவளுடைய பாவாடையின் கரையும் இரண்டு பாதங்களும் மட்டும் வெளியே தெரிந்தன.

கணவர் தீப்பெட்டி தேடி அடுப்படிக்குப் போயிருந்தார். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. இதை நான் எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டேன். விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

நான் முதல் பொட்டை வைக்க விரலால் அழுத்தினேன். குமிழிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு பியானோ மெதுவாக இறங்கியது. முதலில் அது இறங்குவதாகக்கூட எனக்குப் புரியவில்லை, நான் உயர்வதுபோல் இருந்தது. இரும்புக் கால்கள் இரண்டும் டைல்ஸில் கிரீச்சென்று விரிந்தன. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சத்தம். படம், தட்டு, ஸ்பேனர்கள், புத்தகங்கள். பொரி அறை முழுக்கச் சிதறியது. பூசணிக்காய் என் முழங்காலில் இடித்துவிட்டுக் கதவுப் பக்கம் உருண்டது.

அந்தப் பாதங்கள் தெரியவில்லை.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கூப்பிட்டேன் என்று கணவர் சொல்கிறார். தெருவே கேட்டிருக்கும் என்றார். எனக்கு நினைவில் இருப்பது, பதிலாக வந்த அவள் குரல்தான். அடியிலிருந்து, வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல, சாதாரணமாக வந்தது.

"அம்மா, பிளக்க எடுத்துட்டேன்."

பியானோ தரைக்கு வரவில்லை. பெஞ்சின் மேல் விழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவள் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். சத்தம் கேட்டதும் தானாகக் காலை இழுத்துக்கொண்டாளாம். கணவர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். கடைக்காரர்கள் கொண்டுவந்தபோது நான் ஒரு மூலையைக்கூடத் தூக்க முடியாமல் நின்றவள். அன்றைக்கு அதன் கனமே எனக்குத் தெரியவில்லை. அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. தலைமுடியெல்லாம் பொரி.

அவளை உட்கார வைத்துத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். விரலை மடக்கச் சொன்னேன். நீட்டச் சொன்னேன். மறுபடி மடக்கச் சொன்னேன். "வலிக்கல மா, விடு மா" என்று அவள் நெளிந்தாள். கணவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தீப்பெட்டியை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அது நசுங்கிவிட்டது.

எதிர் வீட்டு அக்கா ஓடிவந்தார். திருநெல்வேலிக்காரர். மகன் ஐ.டி. வேலைக்கு வந்ததால் இங்கே குடிவந்தவர். "என்னம்மா சத்தம் கேக்கு? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றவர், தரையில் சரஸ்வதி படம் கிடப்பதைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"பூசைக்கு வச்ச படம் விழுந்துட்டே. சகுனம் சரியில்லையே தம்பி."

"சகுனம் இல்லக்கா" என்றார் கணவர். "பின்னு ஓட்டைல உக்காரல. குமிழ் இறுக்கத்துலயே இத்தினி நாளு நின்னுகினு இருந்துக்கீது."

அக்கா குனிந்து படத்தைக் கையில் எடுத்தார். "அப்பம் அந்த அம்மாதான் பெஞ்ச உள்ள தள்ள வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு அதைத் துடைத்து வைத்தார். எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை.

பொரியைக் கூட்டும்போது அந்த விளக்கப் புத்தகம் கையில் அகப்பட்டது. உறையைக் கிழித்தேன்.

"பூஜைல வச்ச புக்க இன்னிக்கி படிக்கக் கூடாதுமே" என்றார் கணவர், பழக்கத்தில்.

"அதான் விழுந்துட்டுல்லா. எடுத்ததாத்தான் கணக்கு. நீ படிம்மா" என்றார் அக்கா.

பொரிக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தார்கள். பியானோ மேல் பூச்சாடி, அதன்மேல் பெருக்கல் குறி. மெழுகுவத்தி, பெருக்கல் குறி. அடுக்கிய பொருட்கள், பெருக்கல் குறி. ஸ்டாண்டின் முளை முழுதாக உள்ளே போகாத படம் ஒன்று, அதற்கும் பெருக்கல் குறி. ஒரு காலை நேரத்தில் நாங்கள் ஏறக்குறைய எல்லாப் படங்களையும் செய்து முடித்திருந்தோம்.

கணவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பூசணிக்கா படம் எங்கயும் போடலியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடிந்தது. மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தலையிலிருந்து பொரியை எடுத்துத் தின்றாள்.

அன்று மாலை முழுதும் நானும் அவரும் ஸ்டாண்டோடுதான் இருந்தோம். நான் படிக்க, அவர் செய்தார். குமிழை இழுத்துத் திருப்பி, முளை ஓட்டையில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் விட்டார். உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்து இருவரும் பார்த்தோம். அதற்குப் பிறகே இறுக்கினார். ஓதம் காக்கும் சுவரை விட்டு, ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றினோம். அங்கே பிளக் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, யாரும் அடியில் நுழைய வேண்டாம். அடாப்டர் ஒயரைக் காலில் சிக்காமல் சுவரோரமாக ஒட்டினார். பியானோவை ஏற்றும் முன் ஸ்டாண்டின் மேல் அவரே இரண்டு கையையும் ஊன்றி, மொத்த உடம்பின் பாரத்தையும் போட்டார். யானை பற்றி எதுவும் சொல்லவில்லை. பியானோவை ஏற்றியதும், சத்தத்தைக் குறைத்து வைத்து ஸ்விட்சைப் போட்டேன். அதன் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்ததே தவிர, பழையபடி சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும். மகள் குளித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வேணாம். ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

"இன்னிக்குத்தான் மா வாசிக்கணும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார் என்று தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு எழுந்து போயிருப்பாள். அடுத்த நாளும் நான் அதையே சொல்லியிருப்பேன்.

கடைசியில் நான் செய்தது ஒரு பைத்தியக்காரத்தனம். தரையில் படுத்துப் பியானோவுக்கு அடியில் நகர்ந்து போய், இரண்டு கால்களும் குறுக்கே பின்னும் இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இப்ப வாசி" என்றேன்.

கட்டைகள் அழுந்தும் சத்தம் தலைக்கு மேலே தட்தட்டென்று கேட்டது. அடியிலிருந்து கேட்டால் இசையை விட அந்தத் தட்டல்தான் பெரிதாகக் கேட்கிறது. இரும்பு என் கையில் லேசாக அதிர்ந்தது. அவ்வளவுதான். வேறு எதுவும் அசையவில்லை.

பாட்டு நின்றது. பெஞ்சுக்குக் கீழே தலைகீழாக அவள் முகம் தெரிந்தது.

"அம்மா, நீ அங்க இருந்தா எனக்கு சிரிப்பு வருது. பெடல் மேல படுத்திருக்க."

"வாமே வெளிய" என்றார் கணவர். "அது நிக்கும்."

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பெடலை அவள் பாதத்துக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டுத் தவழ்ந்து வெளியே வந்தேன். புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலாவது வரியில், டீச்சர் எத்தனை முறை திருத்தினாலும் அவள் அவசரமாக ஓடிவிடும் அந்த இடம் வந்தது. அன்றும் ஓடினாள். தடுக்கி நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அதே வரியைப் பிடித்தாள்.

எனக்கு முந்தின நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அந்தத் தடுக்கலைக் கேட்ட பிறகுதான் ஒழுங்காக வந்தது. அடுப்பில் பால் வைக்கப் போனேன்.