மாநாடு முடியட்டும் என்றார்கள்

தலைவரின் கார் டிரைவருக்குக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர் ஊமையன். பின்சீட்டில் பேசுகிற எதுவும் அவன் வாயைத் தாண்டாது.

அன்று மத்தியானம் பின்சீட்டில் தலைவரும், அவருக்கு யோசனை சொல்லும் பேராசிரியரும் இருந்தார்கள். அணை நிரம்பிவிட்டது, ராத்திரி மதகைத் திறந்தாக வேண்டும், ஆற்றோரக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லலாமா என்று அதிகாரி போனில் கேட்டார். சாயங்காலம் மாநாடு. இப்போதே சொன்னால் கூட்டம் சேராது. தலைவர் காலையில் பிரார்த்தனை முடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். கொஞ்சம் தயங்கினார்.

“பாவமில்லையா?”

“பாவ புண்ணியத்தை வீட்டோட வெச்சுக்கணும் சார். அரசியலை அதால அளக்கிறது, முழக்கோலால எடை போடுற மாதிரி.”

தலைவரின் முகம் தெளிந்தது கண்ணாடியில் தெரிந்தது. மாநாடு முடியட்டும் என்று போனை வைத்தார்.

ஊமையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே காரை ஓட்டினான். அவர்களை இறக்கிவிட்டதும் ஆற்றோரம் குடியிருந்த தங்கச்சிக்குப் போன் போட்டான். பிள்ளைகளோடு கிளம்பு, யாரிடமும் மூச்சு விடாதே என்றான். வேலை போய்விடுமே என்ற பயம்.

அன்று ராத்திரி மாநாட்டில் கைதட்டல் ஓய்வதற்குள் ஆற்றோரக் குடியிருப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் நிவாரண முகாமில் தலைவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, கண்ணை மூடிப் பிரார்த்தித்தார். காருக்குள் ஏறியதும் கிருமிநாசினியை ஊற்றி விரல் விரலாகத் துடைத்தார். அந்த வாசனை ஊமையனுக்குக் குமட்டியது. கதவைத் திறந்து வெளியே வந்தான். தங்கச்சியின் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். புருஷனைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

“உங்க தங்கச்சி மட்டும் எப்படிண்ணே முன்னாடியே கிளம்புச்சு?”

“நான்தாம்மா சொன்னேன். மத்தியானமே தெரியும். காருக்குள்ள இருக்காரே, அவருக்கும் தெரியும்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் அழவில்லை. அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

குடிகாரன் உளறுகிறான் என்று கட்சி அறிக்கை விட்டது. தலைவர் மறுபடி ஜெயித்தார். பேராசிரியருக்கு வாரியத் தலைவர் பதவி கிடைத்தது. அக்கம்பக்கத்தார் தன்னை ஒதுக்கியதால் தங்கச்சி அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். சோற்றில் கை வைத்தால் ஓங்கரிப்பு வருகிறது. நீங்களாவது உண்மையைச் சொன்னீங்களே என்று மனைவி ஒருநாள் தேற்றப் பார்த்தாள்.

“அவங்களுக்குச் சொல்லிக்க ஒரு தத்துவமாவது இருந்துச்சு,” என்றான். “எனக்கு அந்த எழவும் இல்ல.”