பெரிய வெள்ளியில் குடித்த பால்

அன்று பெரிய வெள்ளி. வழமைபோலக் காலையில் இன்சுலின் ஊசி போட்டேன். ஒருசந்தி விரதம் என்பதால் சாப்பிடவில்லை. முல்லைத்தீவில் எங்கள் கடற்கரைக் கோயிலில் முழந்தாளில் நின்றபோது உடம்பு வேர்த்து நடுங்கியது. இரத்தத்திலிருந்த சீனியை இன்சுலின் இறக்கிவிட்டது என்று விளங்கியது. கத்த நினைத்தேன், நாக்கு அசையவில்லை. என் உடம்புக்குள்ளேயே என்னைப் பூட்டிவிட்டதுபோல இருந்தது. சனம் நான் பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்தது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற, முன்பின் தெரியாத பெண் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணை, சீனி வருத்தமே?"

கண்களால் மட்டும் ஓம் என்றேன். குழந்தையின் சூப்பிப் போத்தலை என் வாயில் வைத்தாள்.

"சீனி போட்ட பால். குடியுங்கோ."

பால் உள்ளே இறங்கி நாக்கு அசைந்ததும், "ஒருசந்தி முறிஞ்சிட்டுதே, தங்கச்சி" என்றேன்.

"அந்தப் பாவம் எனக்கு வரட்டும். மிச்சத்தையும் குடியுங்கோ."

குழந்தை பசியில் அழத் தொடங்கியது. அன்று உண்மையில் ஒருசந்தி இருந்தது அந்தப் பிள்ளைதான்.