ஒரே பெட்டிக்கு இரண்டு ஆள்

1. கூரம்

அன்று மேடையில் இருந்தவர்கள்: மாஸ்டர் சபாபதி, பாட்டு. ராஜேஸ்வரி, பாட்டு. முனுசாமி, தபலா. காதர், பாங்கோஸ். ஜான், கிட்டார். வரதன் அண்ணன், புல்லாங்குழல். நான், ஆர்மோனியம்.

கூரத்தில் அம்மன் கோயில் திருவிழா. எழுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் மெல்லிசைக் குழுவை அழைத்திருந்தார்கள். நாலாவது பாட்டின் நடுவில் குழல் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. வரதன் அண்ணன் ஊதினார். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

அவர் குழலைத் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவினார். பையிலிருந்து வேறு குழலை எடுத்தார். அதிலும் காற்றுதான். மூன்றாவதை எடுத்தார். அதற்குள் நான் அந்த இடத்தை ஆர்மோனியத்தில் வாசித்து ஒப்பேற்றிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் ராஜேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தார்.

"அண்ணே, குழலுக்கு ஒண்ணும் இல்ல. உங்க வாய்தான் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது."

அண்ணன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணும் மூடவில்லை. "வலி இல்லியே" என்றார். மீதிக் கச்சேரி முழுக்க மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். ஊசி போட்டார்கள். நாட்டு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். சில மாதங்களில் கண் மூடியது. சாப்பாடு ஒழுகாமல் சாப்பிட முடிந்தது. உதடு மட்டும் குவியவில்லை. உதடு குவியாவிட்டால் குழல் இல்லை.

அவர் பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருந்தவர். குழுவில் சேர்ந்ததும் தறியை விற்றுவிட்டார். நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி சரோஜா அண்ணி சொன்னார்.

"தறிய வெச்சிக்கினு இருந்தா வாய் கோணினா என்னா, கை நெய்யும். இப்ப கை நல்லாத்தான் இருக்குது. தறி இல்ல."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. கச்சேரிக்கு வராத மாதங்களிலும் அண்ணனுக்குப் பங்கு கொடுத்தார். அந்த மாதங்களில் குழல் வரும் பாட்டுகளை ஒதுக்கிவிட்டோம். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, "வரதா, நான் எத்தினி நாளைக்குக் குடுக்க முடியும்? நீயே சொல்லுப்பா" என்றார்.

"வேணாம் மாஸ்டர்" என்றார் அண்ணன்.

அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள்.

2. பெட்டி

எனக்குப் பகலில் வேறு வேலை. ஜக்கார்டு அட்டை அடிப்பது. சேலைக் கரையில் பூ விழ வேண்டுமானால் தறியில் எந்த நூல் எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று அட்டையில் இருக்கும் ஓட்டைதான் சொல்லும். அந்த ஓட்டையைப் போடுவது என் தொழில். ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதும்.

அண்ணனுக்கு வாய் இழுத்துக்கொள்வதற்கு முன்பே நான் ஒரு சின்தசைசர் வாங்கியிருந்தேன். மெட்ராஸ் பர்மா பஜாரில் கப்பல் சாமான்களோடு கிடந்தது. ஜப்பான் பெட்டி. பெரிய குழுக்காரர்கள் வைத்திருக்கும் ஆர்கன் எல்லாம் எனக்கு எட்டாத விலை. இது சின்னது. அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். என்னிடம் இருந்த அக்கார்டியனை விற்றேன். அந்தப் பணத்தில் வாங்க முடிந்தது.

அதைப் பற்றி இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. இப்போதுள்ளவை போல அது இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டை அழுத்தினால் ஒன்று ஊமை. நம் ஊர்க் கரண்டை நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும், அது நூறு வோல்ட். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர். அந்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைவிடக் கனம். அரை மணி முன்னால் ஆன் செய்து சூடேற விட வேண்டும். இல்லாவிட்டால் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். குமிழ்களுக்கு மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஃபில்ட்டர், அட்டாக் என்று ஜான் படித்துச் சொன்னார். எது என்ன செய்யும் என்பதைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அட்டை வேலை முடிந்து கை கழுவிவிட்டு அதன் முன்னால் உட்காருவேன். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபில்ட்டர் குமிழை மெதுவாகத் திறப்பேன். போர்வைக்குள் பேசுகிறவன் போர்வையை விலக்கிக்கொண்டு வருவது போலச் சத்தம் வரும். மறுபடி மூடுவேன். முழுக்க மூடினால் சத்தமே அடங்கிவிடும். திறப்பேன். அதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும். வேறு எதற்கும் நான் அப்படி நேரத்தை விட்டதில்லை.

"மொதல்ல வண்டு கத்திச்சி. இப்ப பல்லி கத்துது. பாட்டு எப்ப வரும்?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்.

"வரும்" என்பேன்.

ஒரு தொல்லை இருந்தது. நல்ல சத்தம் ஒன்று கிடைக்கும். குமிழை நகர்த்தினால் போய்விடும். திரும்ப வராது. பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. நான் ஜக்கார்டு அட்டையில் ஒன்றை எடுத்து, பெட்டியின் முகத்துக்கு அளந்து வெட்டினேன். குமிழ் இருக்கிற இடத்தில் எல்லாம் ஓட்டை. அட்டையை மேலே வைத்தால் குமிழ்கள் ஓட்டை வழியாக வெளியே நிற்கும். குமிழின் கோடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஓட்டை ஓரத்தில் ஒரு வெட்டு. ஒரு சத்தத்துக்கு ஓர் அட்டை. மணி ஓர் அட்டை. ஷெனாய் ஓர் அட்டை. குழல் ஓர் அட்டை. பெட்டியைத் திறந்து அட்டையை வைத்து வெட்டுக்கு நேராகத் திருப்பினால் போன வாரத்துச் சத்தம் அப்படியே வந்து நிற்கும். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

3. குழல் அட்டை

மாஸ்டர் பங்கை நிறுத்திய வாரம் வரதன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். பேச்சில் பாதி காற்றாகப் போகும். பொறுத்துக் கேட்க வேண்டும்.

"தம்பி, உன் பொட்டில குழல் வருமாமே. ஜான் சொன்னான்."

"வரும்ணே. முழுசா வராது."

"வை, கேக்கலாம்."

வைத்தேன். ஒரு பாட்டுக்கு நடுவில் வரும் பி.ஜி.எம்., அவர் வருஷக்கணக்காக வாசித்தது. அதையே வாசித்தேன். அவர் முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். அதுவும் அசையவில்லை.

"இது ஊதல. கூவுது" என்றார். பிறகு, "அந்தத் திருகு எது?" என்றார்.

"ஃபில்ட்டர்ணே. தெறந்தா சத்தம் தெளியும்."

"நீ வாசி. இது எங்கிட்ட இருக்கட்டும்."

நான் இரண்டு கையையும் கட்டையில் வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தார். வாசித்தேன். அவர் திறந்தார். சுரம் தொடங்கும் இடத்தில் கொஞ்சமாக, பிறகு முழுக்க. நீட்டும் இடத்தில் கை நடுங்குவது போல ஓர் அசைவு. சத்தம் உயிரோடு நின்றது. சட்டென்று மூடினார். நான் இன்னும் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே மூடிட்டீங்க?"

"மூச்சு தீந்துபோச்சுப்பா" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். குமிழ் திறந்திருக்கும்வரை அவர் நெஞ்சு இறங்கிக்கொண்டே வந்தது. காற்றை நிஜமாகவே விட்டுக்கொண்டிருந்தார். தீர்ந்ததும் மூடினார். இழுத்துக்கொண்டு மறுபடி திறந்தார்.

விளக்கு வைக்கும்வரை வாசித்தோம். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்டாள். "இன்னிக்குத்தான் பாட்டு வந்துக்கீது" என்றாள். அண்ணன் சிரித்தார். வாய் கோணிக்கொண்டது. கையால் மறைத்துக்கொண்டார்.

குழுவில் இரண்டு கச்சேரி அப்படி வாசித்தோம். ஒரே ஸ்டூல் பலகையில் இரண்டு பேர். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் அண்ணனுக்குப் பங்கு கொடுத்தார்.

மூன்றாவது கச்சேரிக்கு முன்னால் ஒத்திகையில் மாஸ்டர் என் பெட்டிமேல் இருந்த அட்டையைக் கையில் எடுத்தார். அதில் குழல் என்று எழுதியிருந்தேன்.

"இதான் வரதன் சத்தமா?"

"ஆமா மாஸ்டர்."

"இத வெச்சா எப்பவும் இந்தச் சத்தம் வருமா?"

"வரும்."

"அப்புறம் எதுக்குப்பா ஒரு பொட்டிக்கு ரெண்டு ஆளு? ஊர்ல சிரிக்கிறான். ஒருத்தன் வாசிக்கிறதுக்கு, ஒருத்தன் தொடைக்கிறதுக்கான்னு கேக்கிறான். அடுத்த பார்ட்டிகிட்ட ஆறு பேர்னு பேசிட்டேன்."

"அவர் இல்லாம அது சரியா வராது மாஸ்டர்."

"அட்டைய நீதான வெட்டின?"

"நான்தான்."

"தப்பா வெட்டிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்னா."

அட்டை சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

4. ரிசப்ஷன்

அந்த மூன்றாவது கச்சேரி பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். மாலையில் ரிசப்ஷன். வாசலில் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். கேரியரில் என் டிரான்ஸ்ஃபார்மர். காலையிலேயே என் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"நீ தனியாத் தூக்க மாட்ட" என்றார்.

உள்ளே கொண்டுபோய் மைக்செட்காரரிடம் வைத்தார். மைக்செட்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாபா இது, அம்மிக்கல்லா?"

"நூறு வோல்ட்டு. நேராக் குடுத்துடாத, எரிஞ்சிடும்" என்றார் அண்ணன். பிறகு மைக்செட் மேஜைக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் பார்த்தார். திரும்பி மைக்கைச் சரிபார்க்கப் போனார்.

கச்சேரி தொடங்கியது. இரண்டாவது பாட்டில் குழல் பி.ஜி.எம். அட்டையை வைத்தேன். வெட்டுக்கு நேராகத் திருப்பினேன். வாசித்தேன். ஒரு சுரமும் தப்பவில்லை. முடிகிற இடத்தில் ராஜேஸ்வரி சரணத்தை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. முனுசாமி தபலாவில் ஒரு சுற்று சும்மா வாசித்தார். பிறகு ராஜேஸ்வரி சேர்ந்துகொண்டார்.

நாலாவது பாட்டிலும் அப்படியே. இந்த முறை முன்னாடியே எடுத்துவிட்டு நிறுத்தினார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பாட்டில் தப்பு செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மாஸ்டரிடம் சொன்னார்.

"அண்ணே, எனக்கு எங்க சேர்றதுன்னு தெரியல."

"என்னாம்மா, பழகின பாட்டுதான?"

"பாட்டு தெரியும். வரதண்ணன் மூச்ச விடறப்ப நான் மூச்ச இழுப்பேன். அப்பிடித்தான் இத்தினி வருஷம் பாடினேன். இந்தப் பொட்டி மூச்சே வாங்கல. நிக்காமப் போய்க்கினே இருக்குது."

"எண்ணிக்கோம்மா. எட்டு எண்ணி எடு."

"எண்ணிப் பாடறதுக்கு நான் என்னா கணக்குப்பிள்ளையா? அடுத்தது குழல் பாட்டு. அவர் வரட்டும், பாடறேன். இல்லன்னா நீங்களே பாடிக்கோங்க, பொம்பள கொரல்ல."

காதர் பாங்கோஸைப் பார்த்தபடி சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. மைக்செட் பக்கம் பார்த்தார். அண்ணன் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்காது.

நான் பலகையில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

மாஸ்டர் கையைத் தூக்கி, வா என்று காட்டினார்.

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். பலகையில் உட்கார்ந்தார். அட்டையை எடுத்துக் கீழே வைத்தார். குமிழைப் பிடித்தார். பி.ஜி.எம். வந்தது. கடைசிச் சுரத்தில் அவர் நெஞ்சு இறங்கியது. குமிழ் மூடியது. கையளவு அமைதி. ராஜேஸ்வரி எடுத்தார். சரியான இடம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கட்டையில் வாசிக்கிறவனுக்கு மூச்சு வேண்டாம். அதனால் மற்றவர்களுக்கு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் போகும். எந்த வாத்தியத்தின் சத்தத்தை வாசிக்கிறாயோ, அதை ஊதுகிற ஆளுக்கு எங்கே மூச்சு தீரும் என்று தெரிந்துகொள். அங்கே கையை எடு. பாடுகிறவர்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். எனக்கு இதைத் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று. நெஞ்சைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அண்ணன் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். பந்தியைப் பார்த்துக்கொள்கிறவர் தோளில் துண்டோடு மாஸ்டரிடம் வந்தார்.

"கடைசிப் பந்தி போடறோம். கச்சேரிக்காரங்களுக்கு ஆறு இலைன்னு சொல்லிக்கீறாங்க. ஆறுதான?"

மாஸ்டர் வாசல் பக்கம் திரும்பி, "வரதா, அத வெச்சிட்டு வா" என்றார். பிறகு அந்த ஆளிடம் சொன்னார்.

"ஏழு."