கோத்தகிரித் தண்ணீர்

எழுபதுகளின் பிற்பகுதியில் கண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். நன்னீரில் வாழும் பரமீசியம் என்ற ஒற்றைக்கல உயிரைப் பற்றித்தான் எங்கள் விரிவுரையாளர் அம்மாவின் ஆராய்ச்சி. எந்த ஊர்த் தண்ணீரில் எந்த வகை இருக்கிறது, மரபில் அவை எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பார். நுணுக்குக்காட்டியில் எல்லாம் ஒரே மாதிரி, செருப்பின் அடிப்பாகம் போலத்தான் தெரியும். அதனால் இரண்டு ஊர்களில் பிடித்தவற்றை ஒரே துளியில் விடுவோம். ஒரே இனமாக இருந்து ஜோடியும் பொருந்தினால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் உரசிக்கொண்டே விலகிப்போகும்.

மலைப்பக்கத்துத் தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. லீவுக்கு எங்கள் ஊரான அக்கரப்பத்தனைக்குப் போனால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அண்ணனும் கூட வருவார். தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே தேங்கிய குட்டையிலும் ஓடை ஓரத்திலும் குனிந்து போத்தலை நிரப்புவார்.

"ஏம்புள்ள, இந்தப் பூச்சியப் புடிக்கத்தானா இம்புட்டுப் படிச்ச?"

"பாதிப் போத்தல் போதும்ண்ணே. மூச்சுவிட காத்து வேணும். மூடி போடாம பஞ்ச வச்சு அடைங்க."

"பெரிய மகாராணிக தான்," என்று சிரித்துக்கொண்டே அடைப்பார்.

அண்ணியின் வீட்டார் எல்லாரும் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களோடு அண்ணனுக்கும் பாஸ்போர்ட் வந்தது. எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். ரயில் நகர்ந்தபோது அண்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"அந்த ஊர்த் தண்ணியும் அனுப்புறேன், பாரு!"

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக எழுதினார். அங்கே அவர்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்களாம்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து நான் லீவில் வந்திருந்தபோது, ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்தவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். சரக்கு எடுக்க இந்தியா போய் வருகிறவர். அப்பா எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டார்.

"பெரியவன் எப்புடி இருக்கான் முதலாளி?"

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"காய்ச்சல்னு படுத்தாருங்க. நெஞ்சுல சளி கட்டிருச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. தந்தி அடிச்சாங்களாமே, வரலையா? நான் வர்றது தெரிஞ்சு தங்கச்சிக்குன்னு இத எடுத்து வச்சிருந்தாராம். அவரு சம்சாரம் அழுதுகிட்டே குடுத்துச்சு."

அம்மா அடுப்படியிலிருந்து கதறிக்கொண்டு ஓடிவந்தார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிதான் தண்ணீர். வாயில் பஞ்சு.

காரியம் முடிந்து ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது அதைத் திறக்க மனம் வரவில்லை. விரிவுரையாளர் அம்மா விஷயத்தைக் கேட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இப்படியே வைத்தால் உள்ளே இருப்பவையும் செத்துவிடும் மகளே," என்றார் சிங்களத்தில்.

உயிரோடு சில இருந்தன. வைக்கோல் அவித்த நீரில் விட்டுப் பெருக்கினேன். பிறகு, எங்கள் மலைப்பக்கத்து ஊர்களில் பிடித்து வைத்திருந்தவற்றில் நோட்டன் பிரிட்ஜ் வகையோடு சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பொகவந்தலாவை வகையோடும் இல்லை. அக்கரப்பத்தனை வகையை விட்டதும் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. விரிவுரையாளர் அம்மா கையைத் தட்டினார். நான் வெளியே போய் அழுதேன்.

அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "அண்ணன் அனுப்புனதும் நம்ம குட்டையில இருக்கிறதும் ஒரே இனந்தாம்ப்பா."

அவருக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அவன் கை பட்ட தண்ணி. கொட்டிப்புடாத," என்றார்.

வாராவாரம் புது நீருக்கு மாற்றி வளர்த்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அங்கிருந்து ஓடவேண்டியதாயிற்று. திரும்ப வந்தபோது அவற்றை வளர்த்த கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் வற்றி, அடியில் பழுப்பாக ஒரு படலம் மட்டும் கிடந்தது. நீர் ஊற்றிப் பல நாள் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "நீ உசுரோட வந்தியே," என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போய்வந்த ராமேஸ்வரக் கப்பலும் நின்றது. அண்ணியும் அங்கே பிறந்த பிள்ளைகளும் கோத்தகிரியிலேயே இருந்துவிட்டார்கள். கடிதங்கள் வருவது குறைந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்காமலே அப்பா போய்ச் சேர்ந்தார்.