திட்டு வாங்கி வைத்த புள்ளி

போன மாதம் அபுதாபியில் ஓர் இந்தோனேசிய ஓட்டல் வாசலைக் கடந்தபோது உள்ளேயிருந்து அரத்தை வாடை வந்தது. நமக்கு அரத்தை என்றால் சளிக்குக் கஷாயம். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதேதான். அதைத் தேங்காய்ப்பாலில் போட்டு, கறியோடு நாள் முழுக்கச் சுண்ட வைக்கிற புண்ணியவான்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனோடுதான் ருவைஸ் எண்ணெய் ஆலையின் தொழிலாளர் கேம்ப்பில் ஒரே அறையில் பல வருஷம் குப்பை கொட்டினேன். பெயர் ரிசால். கிரேன் ஓட்டுபவன்.

சுமத்ரா தீவில் மினாங்கபாவ் என்றொரு இனம், அதில் பிறந்தவன். அங்கே வீடும் நிலமும் பெண்களுக்கு. ஆம்பளைப் பிள்ளை மீசை முளைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்ப் பிழைக்க வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் அறையின் மூன்றாவது ஆளான சாத்தான்குளம் செல்லத்துரை, "அப்ப நாமளும் மினாங்கபாவ்தாம்வே" என்றார்.

அறைப் பேச்சு தனி ரகம். நான் பட்டுக்கோட்டைக்காரன். செல்லத்துரை பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குத் தமிழாகவே படாது. ரிசால் இரண்டையும் கலந்து, மேலே இந்தியும் அரபியும் தூவுவான். "அண்ணே, சோறு கலாஸ். ஜல்தி வாரும்வே" என்பான். முடிந்தது என்றால் அவனுக்கு 'கலாஸ்', இல்லை என்றால் 'மாஃபி'. எந்த ஜில்லாவும் உரிமை கோர முடியாத தமிழ்.

அவனுடைய அக்கா பாடாங் நகரத்தில் பேராசிரியை. மினாங்கபாவ் பேச்சு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். பாடாங்கில் பெரியது என்பதற்குக் 'கடாங்' என்பார்கள். மலைப்பக்கம் சில ஊர்களில் அதே சொல் 'கொடாங்'. ஒவ்வோர் ஊர்க்காரரையும் பேசச் சொல்லிப் பதிவு செய்து, படத்தில் அந்த ஊருக்கு ஒரு புள்ளி வைப்பார். படம் முடியப் போகிறது, அவருடைய சொந்த ஊருக்கு மட்டும் புள்ளி இல்லை. காரணம், ஊரே இல்லை. அணை கட்டியதில் வீடு, மசூதி, அம்மாவின் கபர் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. சனங்கள் சிதறி, போன இடத்துப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அக்காவுக்கே நகரத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டது. தம்பி ஊர் முழுகுமுன்பே கிளம்பியவன், அவன் நாக்கில் மிச்சம் இருக்கும் என்று நம்பினார்.

ரிசால் குளித்து, சட்டை மாற்றி, கட்டிலில் சம்மணம் போட்டு, ஊர்க்கதையை வாட்ஸப்பில் பேசி அனுப்பினான். பதில் வந்தது. பாதி ரேடியோ செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். மீதியில் 'கலாஸ்', 'அச்சா', 'ஐயோ'. இரண்டு இடத்தில் 'வே' கூட வருகிறதாம். இதைக் கொண்டுபோய் எந்த ஊரில் புள்ளி வைப்பது என்று கேட்டிருந்தார்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. "ஊரு தண்ணிக்குள்ள அண்ணே. மேப்லயும் மாஃபின்னா, நான் எந்த ஊரு?" என்றான். செல்லத்துரை அவன் பங்குச் சோற்றைத் தட்டு போட்டு மூடி வைத்தார்.

அடுத்த வீடியோ காலில், ரிசால் டீ போடப் போன நேரத்தில், அக்கா என்னிடம் இங்கிலீஷில் ஒரு தகவல் சொன்னார். தம்பிக்குக் கோபம் வந்தால் மட்டும் அசல் அம்மா பேச்சு வருமாம். சிக்கல் என்னவென்றால், அந்தப் பயலுக்குக் கோபமே வராது. ஏசியை அணைத்தோம். "பரவால்ல அண்ணே, குளிரு ஜாஸ்தி" என்றான். செருப்பை ஒளித்து வைத்தோம். என் செருப்பைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான். செல்லத்துரை அவன் நாட்டுக் கால்பந்து அணியைக் கேவலமாகப் பேசினார். அவன் அதை இன்னும் கேவலமாகப் பேசினான்.

பக்ரீத் வந்தது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை நடந்ததால் பெருநாளிலும் அவனுக்கு டூட்டி. முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று, எங்களுக்காக மாட்டுக்குப் பதில் ஆட்டுக்கறியில், அரத்தையும் தேங்காய்ப்பாலும் சுண்டிய அந்த ரெண்டாங்கைச் செய்து மூடி வைத்திருந்தான். சாயங்காலம் மூவரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. நானும் செல்லத்துரையும் மத்தியானமே சட்டியைக் காலி செய்தோம். "பாவம்லாவே" என்று சொல்லிக்கொண்டே அவர் அடிச்சட்டியை வழித்தார். மொழித்தொண்டு இத்தனை ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரிசால் வந்தான், மூடியைத் திறந்தான். என் போன் தலையணைக்கடியில் பதிவு செய்துகொண்டிருந்தது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள், எங்கள் அறை எம்மாத்திரம்? ஒரு கையை இடுப்பில் வைத்து, குரலை மூக்குக்கு ஏற்றி, கரண்டியை ஆட்டி ஆட்டி வைதான். செல்லத்துரையின் தொந்தியைக் காட்டிச் சொன்ன 'கொடாங்' மட்டும் எனக்குப் புரிந்தது. மருந்துக்குக்கூட ஒரு கலாஸ் இல்லை. அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முதலில் கரண்டி பறந்து வந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக் கேட்டான். திரும்பவும் கேட்டான்.

"இது நான் இல்ல அண்ணே. அம்மா" என்றான். அழுதான். எங்களுக்கும் கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அனுப்புங்க" என்றான்.

அச்சான படத்தை அக்கா அனுப்பினார். ஏரியின் நீலத்துக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு தமிழர்கள் ஏச்சு வாங்கி மீட்ட ஊர் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தக் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். செல்லத்துரை ஊரோடு போய் மளிகைக்கடை போட்டுவிட்டார். ரிசால் விசாவை முடித்துக்கொண்டு பாடாங்கில், அக்காவின் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். அந்த ஓட்டல் வாசலில் அரத்தை வாடை வந்த அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டேன். தமிழ் பாதி மறந்திருந்தது. நீயெல்லாம் கிரேன் ஓட்டினாயா, உன்னைக் கண்டு சைட்டே ஓடியதே என்று வம்புக்கு இழுத்தேன். "சாரி பாய்" என்று சிரித்தான். குடும்பத்தை இழுத்தேன், நாட்டை இழுத்தேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சாந்தமாகச் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்த ஊர்ப் பேச்சில் என்னைத் திட்ட இனி உலகத்தில் ஆளில்லை.