மன அழுத்தத்தில் பத்துக்குப் பத்து

தொண்ணூறுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் கிளீனர். பகல் வேலை, ஐந்து மணிக்கு முடியும். மூன்று வயது மகள் அதே வளவுக்குள் இருந்த சைல்ட்கெயரில். அது ஐந்தரைக்குப் பூட்டும். மனுசனுக்கு டண்டினொங்கில் ஃபக்டரி, பின்னேர ஷிஃப்ட். பிள்ளையைக் கூட்டிவர என்னை விட்டால் ஆளில்லை. பிந்திப் போனால் மஞ்சள் கடிதம் தருவார்கள். மூன்று கடிதம் வந்தால் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு ஒன்றரை வருசம் காத்துக் கிடந்தோம். இடம் போனால் என் வேலையும் போகும்.

ஒருநாள் சுப்பவைசர் ஒரு தாள் கொண்டுவந்தான். வேலை செய்கிற தாய்மார் எல்லாரும் நிரப்ப வேண்டுமாம். பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மார்க்ஸ் என்று விளங்கிக்கொண்டேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றுக்கும் பத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை, ஆபீசில் வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள்.

“என்னக்கா இது, எல்லாத்துக்கும் பத்தா?”

“பிழையே?”

“இது ஸ்ட்ரெஸ் பேப்பர்க்கா. வேலை செய்யிற இடத்துல அழறீங்களான்னு கேட்டிருக்கு. அதுக்கும் பத்து.”

“நான் அழுறேல்லையே.”

“இப்ப யூனிவர்சிட்டிலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. புரொஃபஸரம்மாவே உங்களுக்குப் பின்னாலதான்.”

ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கத் தாய்மாருக்கு வகுப்பு நடத்த ஒருத்தியைப் பிடித்திருந்தார்கள். மலேசியப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன். தெரியாமல் போட்டுவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னேன். வகுப்புக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றதுதான் முத்தின அறிகுறியாம்க்கா.”

வகுப்பு செவ்வாயும் வியாழனும். நாலரைக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு முடியும் என்றார்கள். நான் கட்டாயம் வரவேண்டும் என்று சுப்பவைசருக்குக் கடிதமும் போனது.

முதல்நாள் ஐந்தேகாலுக்கு முடியவில்லை. வகுப்புக்கு வந்திருந்த மலேசியப் பிள்ளையைக் கொண்டு, மகளை எடுக்க வேண்டும் என்று சொல்வித்தேன். அந்தக் கவலையை ஒரு துண்டில் எழுதிக் கிண்ணத்தில் போடட்டாம். தமிழில் எழுதிப் போட்டேன். சைல்ட்கெயருக்குப் போக ஐந்து நாற்பது. ஒரு மஞ்சள் கடிதம்.

வியாழக்கிழமை கிண்ணத்தில் இருந்ததை எல்லாம் கிழித்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கிழித்ததில் நேரம் போய்விட்டது. இரண்டாவது கடிதம்.

மற்றச் செவ்வாய் பாயில் படுக்க வைத்தாள். கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைக்க வேண்டும். நான் கண்ணை மூடவில்லை. ஹீட்டருக்குக் கீழே தூசி ஒரு விரல் தடிப்பில் கிடந்தது. அந்தக் கட்டடம் நான் துப்புரவாக்குகிறதல்ல. பக்கத்துப் பாயில் புரொஃபஸரம்மா குறட்டை விட்டாள். சுவரில் மணி ஐந்து இருபது.

எழும்பினேன். வகுப்புக்காரி விரலை வாயில் வைத்துப் படுக்கச் சொன்னாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிள்ளை, ஐந்தரை என்றேன். அவள் சொன்னதை மலேசியப் பிள்ளை படுத்தபடியே தமிழில் சொன்னாள்.

“அது நீங்க பேசலையாம்க்கா, உங்க பதற்றம் பேசுதாம். மூச்சை வெளிய விடணுமாம்.”

“வெளியில போய் விடுறன் எண்டு சொல்லும்.”

கதவைத் திறந்து இறங்கினேன். பாதிப் புல்வெளி தாண்டவில்லை, பின்னால் சத்தம். மலேசியப் பிள்ளை ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர், ஒருத்தி காலிலும் சப்பாத்து இல்லை. புரொஃபஸரம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

“எல்லாருக்கும் அங்கதான்க்கா பிள்ளை,” என்றாள் மலேசியப் பிள்ளை.

“பிறகேன் படுத்துக் கிடந்தனீங்கள்?”

“நீங்கதான் எங்க எல்லாரையும்விட மோசமாம். நீங்களே படுத்திருக்கீங்க, நாங்க எப்படி எழுந்திரிக்கிறது?”

ஐந்து இருபத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். சைல்ட்கெயர்க்காரி பூட்டத் திறப்பும் கையுமாகக் கதவடியில் நின்றாள். கடிதம் இல்லை. மகள் என் காலைப் பார்த்தாள்.

“அம்மா, ஷூஸ் எங்க?”

“வகுப்பில.”

மகளுக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது வகுப்புக்காரி மூச்சிரைக்க வந்தாள். அவளுடைய மகனும் அங்கேதான், அது எனக்குத் தெரியாது. மணி ஐந்து முப்பத்து நாலு. சைல்ட்கெயர்க்காரி மஞ்சள் தாளையும் பேனையையும் நீட்டினாள். பிந்தியதற்கு என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, அவள் கனநேரம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வேர்க்” என்றேன் இங்கிலீஷில். எழுதினாள்.